பூனைத் தோலழற்சி

பூனைத் தோலழற்சி என்பது வளர்ப்புப் பூனைகளின் தோலில் அரிப்பு, முடியுதிர்வு, பொருக்கு, புண் ஆகியவற்றை உண்டாக்கும் பல நோய்நிலைகளைக் குறிக்கும் பொதுப்பெயர் ஆகும். இது ஒரு தனி நோய் அன்று. தெள்ளுப்பூச்சிக் கடியினால் ஏற்படும் ஒவ்வாமை, சொறிச் சிற்றுண்ணி, படர்தாமரைப் பூஞ்சை, உணவு ஒவ்வாமை எனப் பல காரணங்கள் ஏறத்தாழ ஒரே தோற்றத்தை உண்டாக்குகின்றன. இதனால் காரணம் அறியாமல் செய்யப்படும் சிகிச்சை சில வாரங்களுக்கு மட்டும் பயன் தந்து, பின்னர் நோய் திரும்ப வருவது வழக்கமாக உள்ளது. ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரப்பதமும் நிலவும் கடலோர நகரங்களில் இந்நிலை மிகுதி. சென்னையின் வடபகுதியில் இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய துறைமுக, தொழிற்சாலைப் பகுதிகளில் பூனை வளர்ப்போர் எதிர்கொள்ளும் சூழல் இக்கட்டுரையில் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

பெயர்

பேச்சு வழக்கில் பூனையின் தோல் நோய்கள் அனைத்தும் "சொறி" என்றே அழைக்கப்படுகின்றன. அதேபோல் உடலில் ஊரும் எல்லாப் பூச்சிகளையும் "உண்ணி" என்று கூறுவதும் உண்டு. ஆனால் உண்ணி எட்டுக் கால்களைக் கொண்டு தோலில் ஒட்டிக்கொண்டு மெல்லப் பருக்கும் உயிரி; தெள்ளு ஆறு கால்களைக் கொண்டு தாவிச் செல்லும் பூச்சி. சொறிச் சிற்றுண்ணியோ கண்ணுக்கே தெரியாதது. மருந்து இவற்றுக்கேற்ப வேறுபடுவதால், மருத்துவரிடம் "உண்ணி" என்று மட்டும் கூறுவது போதாது.

தோலில் தடவிப் பார்த்தால் தட்டுப்படும் சிறு சிறு பொருக்குகளைக் கொண்ட நிலைக்கு, தினையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து "மிலியரி" என்னும் பெயர் வந்தது. தமிழில் இதனைத் தினையுருத் தோலழற்சி எனலாம். பூனையின் முதுகில் முடிக்குள் விரலை விட்டு வருடும்போது தினை சிந்திய பாயைத் தொடுவது போன்று இருக்கும். இதுவும் ஒரு நோயின் பெயர் அன்று, ஓர் அறிகுறியின் பெயரே ஆகும்.

தெள்ளு ஒவ்வாமை

மீண்டும் மீண்டும் வரும் பூனைத் தோலழற்சியில் முதலில் ஐயுறப்பட வேண்டியது தெள்ளு ஒவ்வாமை. இதற்குக் காரணமான பூனைத் தெள்ளின் அறிவியற் பெயர் டெனோசெஃபாலைடிஸ் ஃபெலிஸ். கடிக்கும்போது தெள்ளின் உமிழ்நீர் தோலுக்குள் செல்கிறது. அதிலுள்ள புரதங்களுக்கு எதிராகப் பூனையின் நோயெதிர்ப்புத் தொகுதி அளவுக்கு மீறி எதிர்வினை புரிவதே ஒவ்வாமை. ஒவ்வாமை உள்ள பூனைக்கு ஒரு சில கடிகளே பல நாட்கள் அரிப்பை உண்டாக்கப் போதுமானவை. ஒவ்வாமை இல்லாத பூனை உடல் நிறையத் தெள்ளுடன் அமைதியாக உறங்கிக் கொண்டிருப்பதும் உண்டு. ஒரே வீட்டில் இரண்டு பூனைகள் இருந்து ஒன்றுக்கு மட்டும் புண் வருவதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

பூனைகள் அரிப்பைச் சொறிவதைவிட நக்குவதாலேயே மிகுதியும் தீர்த்துக்கொள்கின்றன. நாக்கின் சொரசொரப்பான மேற்பரப்பு முடியை வழித்து எடுத்துவிடும். வயிறு, தொடையின் உட்புறம், இடுப்பின் இரு பக்கங்கள் ஆகிய இடங்களில் முடி சமச்சீராக இல்லாமற் போகும். நக்கும்போது தெள்ளுகளும் விழுங்கப்படுவதால், பூனையைச் சோதிக்கும்போது ஒரு தெள்ளுகூட அகப்படாமல் இருக்கலாம். "எங்கள் பூனைக்குப் பூச்சியே இல்லை" என்று வளர்ப்போர் உறுதியாகக் கூறுவது இதனால்தான். சில பூனைகளில் மேலுதட்டில் வலியற்ற புண், வயிற்றில் சிவந்து ஈரமான தடிப்பு, தொடையின் பின்புறம் கயிறு போன்ற தடிப்பு ஆகியவையும் தோன்றும். இம்மூன்றும் ஈயோசினோஃபில் என்னும் வெள்ளணுக்கள் தோலில் குவிவதால் ஏற்படுபவை.

தெள்ளின் வாழ்க்கைச் சுழற்சியை அறியாமல் இந்நோயைக் கட்டுப்படுத்த இயலாது. முதிர்ந்த பெண் தெள்ளு பூனையின் உடலிலேயே வாழ்ந்து, முதல் முறை இரத்தம் உறிஞ்சிய ஓரிரு நாட்களுக்குள் முட்டையிடத் தொடங்குகிறது. நாளொன்றுக்கு 40 முதல் 50 முட்டைகள் வரை இடக்கூடும். வழுவழுப்பான இம்முட்டைகள் முடியில் ஒட்டாமல் பூனை படுக்கும் இடங்களில் உதிர்கின்றன. வெளிவரும் புழுக்கள் வெளிச்சத்தை விட்டு விலகித் தரை இடுக்கு, பாய், துணி, நிழலான மணல் ஆகியவற்றுக்குள் சென்று, முதிர்ந்த தெள்ளுகளின் உலர்ந்த இரத்தக் கழிவை உண்டு வளர்கின்றன. பின்னர்க் கூட்டுப்புழுவாகின்றன. தகுந்த வெப்பமும் ஈரப்பதமும் இருந்தால் முழுச் சுழற்சியும் ஏறத்தாழ மூன்று வாரங்களில் முடிந்துவிடும். ஆனால் கூட்டுப்புழு பல மாதங்கள் காத்திருந்து, அதிர்வையோ உடல் வெப்பத்தையோ உணர்ந்தவுடன் வெளிவரவும் வல்லது. ஒரு வீட்டிலுள்ள மொத்தத் தெள்ளுகளில் பூனையின் மேல் இருப்பவை ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு மட்டுமே என்று பொதுவாகக் கணிக்கப்படுகிறது. ஏனையவை முட்டையாகவும் புழுவாகவும் கூடாகவும் வீட்டில் கிடக்கின்றன.

பிற காரணங்கள்

சொறி. நோட்டோஎட்ரிஸ் கேட்டி என்னும் சிற்றுண்ணி தோலைத் துளைத்து உள்ளே வாழ்வதால் வருவது. காதின் விளிம்பில் தொடங்கி முகம், கழுத்து, முன்னங்கால் என்று பரவும். தோல் தடித்துச் சாம்பல் நிறப் பொருக்கு படிந்து, பூனை கிழடுதட்டியது போலத் தோன்றும். அரிப்பு மிகக் கடுமையானது. தெருப் பூனைகளிடமிருந்து எளிதில் தொற்றும். கவனிக்காமல் விட்டால் குட்டிகள் மெலிந்து இறக்கவும் கூடும். எனினும் சரியான மருந்துக்கு விரைவாகக் கட்டுப்படும் நோய் இது.

படர்தாமரை. பெரும்பாலும் மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்னும் பூஞ்சையால் வருகிறது. வட்டமாக முடி உதிர்ந்து செதில் தோன்றுவது இதன் வழக்கமான அடையாளமாயினும், எல்லாப் பூனைகளிலும் அவ்வாறு அமைவதில்லை. குட்டிகளும், பாரசீகப் பூனை போன்ற நீண்ட முடி கொண்ட இனங்களும் எளிதில் பாதிக்கப்படுகின்றன. நோய்க்குறி எதுவும் இன்றி முடியில் வித்துக்களைச் சுமந்து திரியும் பூனைகளும் உண்டு.

உணவு ஒவ்வாமை. பூனைகளில் உணவு ஒவ்வாமையை உண்டாக்குவனவாக மிகுதியாகப் பதிவாகியுள்ளவை மாட்டிறைச்சி, மீன், கோழி ஆகியவை. பூனைக்கு மீன் இயற்கையான உணவு என்னும் நம்பிக்கை வலுவாக இருப்பதால் இது பலருக்கு வியப்பளிக்கும். இவ்வகையில் தலையிலும் கழுத்திலும் இரத்தம் வரும்வரை சொறிந்துகொள்வது அடிக்கடி காணப்படுகிறது.

வெயில். வெள்ளை நிறப் பூனைகளின் காது நுனி, மூக்கு ஆகிய இடங்களில் நிறமி இல்லாததால், பல ஆண்டு வெயிலில் முதலில் சிவப்பும் பொருக்கும், பின்னர் ஆறாத புண்ணும் ஏற்படலாம். இது தோற் புற்றுநோயாக மாறக்கூடியது. காது நுனியில் ஒரு புண் ஆறுவதும் மீண்டும் வருவதுமாக இருந்தால், அதைச் சண்டையில் பட்ட காயம் என்று விட்டுவிடுதல் கூடாது.

வட சென்னைச் சூழல்

தெள்ளுப் புழுக்களுக்கு உலர் காற்று பகை. குளிர் மிகுந்த நாடுகளில் குளிர்காலம் தெள்ளின் பெருக்கத்தைக் குறைக்கிறது. சென்னைக் கடற்கரைக்கு அத்தகைய இடைவெளி இல்லை. வங்கக் கடலின் ஈரக்காற்று ஆண்டின் பெரும்பகுதியிலும் வீசுவதால் தெள்ளு பன்னிரண்டு மாதமும் பெருகுகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வீட்டுக்குள்ளேயே பூனைகள் அடைந்து கிடப்பதும் இதற்கு உதவுகிறது.

வாழிடத்தின் அமைப்பு மற்றொரு காரணம். மீனவர் குடியிருப்புகளிலும், முன்னர்க் குடிசை மாற்று வாரியம் என்று அழைக்கப்பட்டுத் தற்போது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப்படும் அமைப்பின் அடுக்குமாடிகளிலும், ஒரே பூனைக்கு இரண்டு மூன்று வீடுகளில் சோறு வைக்கப்படுவது இயல்பு. அது ஒரு வீட்டின் பாயில் உறங்கி, மாடிப்படியின் அடியில் வேறு பூனைகளுடன் கிடந்து, கரையில் குவித்து வைத்த வலையின் மேல் குட்டியீனும். இவற்றுள் ஒரு வீட்டார் மட்டும் மருந்து வாங்கிப் போட்டால், அடுத்த வாரமே புதிய தெள்ளுகள் ஏறிக்கொள்கின்றன. மருந்து போலியானது என்ற முடிவுக்கு அவ்வீட்டார் வருகின்றனர். பெரும்பாலும் மருந்தில் குறை இல்லை. படியின் அடியில் கிடக்கும் பூனைகள் கணக்கில் சேர்க்கப்படவில்லை என்பதே குறை. கருத்தடை அறுவை செய்து பூனைகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது தோல் நோய்க்கும் மறைமுகமான மருந்தாகும்.

மூன்றாவது, மீன். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை அண்டிய தெருக்களில் பூனைகள் பெரிதும் மீனையும் மீன் கழிவையும் உண்டே வாழ்கின்றன. மீன் ஒவ்வாமை உள்ள பூனைக்கு இங்கு மீனை நிறுத்துவது நினைப்பதைவிடக் கடினம். மேலும், மத்தி, சூரை போன்ற கொழுப்பு மிகுந்த மீனை மட்டுமே நெடுநாள் உண்ணும் பூனைகளுக்கு வைட்டமின் ஈ பற்றாக்குறை ஏற்பட்டுத் தோலடிக் கொழுப்பு அழற்சியுறும். அப்போது முதுகைத் தொட்டாலே பூனை வலியால் கத்தும். தோலின் கீழ்க் கட்டிகள் தட்டுப்படும். இது தோல் நோய் போலத் தோன்றினாலும் அடிப்படையில் ஊட்டக்குறை நோயாகும்.

இப்பகுதியில் தொழிற்சாலைப் புகை, அனல் மின்நிலையச் சாம்பல், நிலக்கரித் தூள் ஆகியவை மக்களின் நெடுநாளைய துன்பம். ஆகவே பூனைக்கு வரும் அரிப்புக்கும் அவையே காரணம் என்று கருதுவது இயல்பே. தூசு தோலை உறுத்தக்கூடியது என்பது உண்மை. ஆனால் புகையைக் குறைகூறுமுன் தெள்ளுச் சீப்பை எடுத்துப் பார்ப்பது நல்லது.

நோயறிதல்

மிக எளிய சோதனை வீட்டிலேயே செய்யத்தக்கது. நெருக்கமான பற்களைக் கொண்ட பேன் சீப்பினால் பூனையின் இடுப்புப் பகுதியை வாரி, உதிரும் கருந்துகள்களை ஈரமான வெள்ளைத் தாளின் மேல் இட வேண்டும். துகளைச் சுற்றிச் செந்நிறம் பரவினால் அது தெள்ளின் கழிவு, அதாவது செரித்த இரத்தம். நிறம் மாறாவிட்டால் வெறும் மண்.

மருத்துவமனையில் தோலைச் சுரண்டி நுண்நோக்கியில் பார்ப்பதன் மூலம் சொறிச் சிற்றுண்ணி கண்டறியப்படுகிறது. படர்தாமரைக்கு வுட் விளக்கு எனப்படும் புறஊதா விளக்கின் கீழ் முடி பச்சையாக ஒளிர்கிறதா என்று பார்ப்பர். ஒளிராததால் மட்டும் நோய் இல்லை என்று கூற முடியாது. பூஞ்சை வளர்ப்புச் சோதனை தேவைப்படும். இதன் முடிவுக்கு இரண்டு மூன்று வாரங்கள் வரை ஆகலாம்.

உணவு ஒவ்வாமையை இரத்தச் சோதனையால் உறுதிசெய்ய இயலாது. பூனை முன்னர் உண்டிராத ஓர் இறைச்சியையோ, புரதம் சிதைக்கப்பட்ட சிறப்பு உணவையோ மட்டும் ஏறத்தாழ எட்டு வாரங்கள் கொடுத்துப் பார்ப்பதே வழி. குணம் தெரிந்தபின் பழைய உணவைத் திரும்பக் கொடுத்து அரிப்பு வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். அக்கம்பக்கத்தார் வைக்கும் ஒரு மீன் தலையும் இச்சோதனையைப் பயனற்றதாக்கிவிடும்.

சிகிச்சை

தெள்ளு ஒவ்வாமைக்குப் பூனைகளுக்கென்றே உருவாக்கப்பட்ட தெள்ளுக்கொல்லி மருந்து, கழுத்தின் பின்புறம் பூனையால் நக்க இயலாத இடத்தில், முடியை விலக்கித் தோலின் மேல் விடப்படுகிறது. ஃபிப்ரோனில், செலமெக்டின், இமிடாகுளோபிரிட் போன்றவை இவ்வாறு பயன்படுகின்றன. பூனையின் எடைக்கேற்ப அளவு மாறும். வீட்டிலுள்ள எல்லாப் பூனைகளுக்கும் நாய்களுக்கும், அந்தந்த விலங்குக்கு உரிய மருந்தை ஒரே காலத்தில் இட்டு, குறைந்தது மூன்று மாதங்கள் தொடர வேண்டும். முதல் சில வாரங்களில் கூட்டுப்புழுக்களிலிருந்து புதிய தெள்ளுகள் வந்துகொண்டே இருக்கும். இக்காலத்தில் மருந்தை நிறுத்திவிடுவதே நோய் திரும்புவதற்கு முதன்மைக் காரணம். பூனை படுக்கும் துணியை வாரந்தோறும் சுடுநீரில் துவைத்துக் கடும் வெயிலில் உலர்த்துதல், கட்டிலின் கீழும் தரை இடுக்குகளிலும் நன்கு பெருக்கிக் குப்பையை வீட்டுக்கு வெளியே அகற்றுதல் ஆகியவை மருந்துக்கு இணையான பயன் தருபவை.

அரிப்பைத் தணிக்க ஸ்டீராய்டு மருந்துகள் கொடுக்கப்படுகின்றன. நீண்ட நாள் வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசி ஒன்றைப் போட்டவுடன் பூனை வியக்கத்தக்க வகையில் குணமாகிவிடும். ஓரிரு மாதங்களில் நோய் திரும்ப, மீண்டும் ஓர் ஊசி. இவ்வாறு ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் நீரிழிவு நோயும், சில பூனைகளில் இதயச் செயலிழப்பும் வரக்கூடும். படர்தாமரை உள்ள பூனைக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் பூஞ்சை மேலும் பரவும். ஆகவே காரணத்தைத் தேடாமல் ஊசியை மட்டும் நாடுவது முறையன்று. நெடுநாள் ஒவ்வாமைக்கு மாற்றாகச் சைக்ளோஸ்போரின் பயன்படுகிறது. அதனை உட்கொள்ளும் பூனைக்குப் பச்சை இறைச்சி தருதல் கூடாது.

படர்தாமரைக்கு இட்ராகோனசோல் வாய்வழி மருந்தும், சுண்ணாம்பு-கந்தகக் கரைசல் போன்ற மேற்பூச்சும் சேர்த்துத் தரப்படுகின்றன. புள்ளிக்கு மட்டும் களிம்பு தடவுவது போதாது. உதிர்ந்த முடியிலுள்ள வித்துக்கள் ஓராண்டுக்கும் மேலாக உயிர்ப்புடன் இருக்க வல்லவை என்பதால் வீட்டைத் தூய்மை செய்தல் இன்றியமையாதது.

பூனைகளுக்கு நஞ்சாகும் மருந்துகள்

பூனையின் கல்லீரலில் சில வேதிப்பொருட்களைக் குளுக்குரோனிக் அமிலத்துடன் இணைத்து வெளியேற்றும் நொதியின் செயல் மிகக் குறைவு. மனிதருக்கும் நாய்க்கும் தீங்கற்ற பல பொருட்கள் பூனையைக் கொல்வதற்கு இதுவே முக்கியக் காரணம். தோல் நோயைவிட அதற்காகத் தடவப்பட்ட மருந்தால் பூனை இறந்துபோவதும் உண்டு.

இவற்றுள் முதன்மையானது பெர்மெத்ரின். நாய்களுக்கான சில தெள்ளு மருந்துகளிலும், மனிதரின் சிரங்குக்கான 5% களிம்பிலும் இது உள்ளது. இதனைப் பூனைக்குத் தடவினால் சில மணி நேரத்தில் காது, முகத் துடிப்பில் தொடங்கி உடல் முழுவதும் நடுக்கமும் வலிப்பும் ஏற்படும். அந்நிலையில் வெதுவெதுப்பான நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் கொண்டு கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். சுடுநீர் கூடாது, அது தோல் வழியே நஞ்சு உட்புகுவதை விரைவுபடுத்தும். நாய் மருந்தைப் பாதி அளவில் இட்டால் பூனைக்குப் போதும் என்பது ஆபத்தான தவறு.

சிரங்குக்கான பென்சைல் பென்சோவேட் நீர்மம், ஃபீனால் கலந்த ஃபினைல், கிருமிநாசினி நீர்மங்கள், மண்ணெண்ணெய், தேயிலை மர எண்ணெய், கற்பூரம் ஆகியவையும் பூனைக்கு நஞ்சே. பூனை தன் உடலில் பட்ட எதனையும் நக்கி விழுங்கிவிடும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். வேப்பெண்ணெய் நாட்டு மருந்தாகப் பரவலாகப் பூசப்படுகிறது. செறிவான வேப்பெண்ணெயால் பூனைகளுக்கு நடுக்கமும் வாந்தியும் ஏற்படலாம். வலிக்காகக் கொடுக்கப்படும் பாராசிட்டமால் ஒரு மாத்திரைகூடப் பூனையின் உயிரைப் போக்கப் போதுமானது.

எண்ணெய்ப் படிவு

கடலோரத் தொழிற்பகுதிக்கே உரிய ஓர் இடர் எண்ணெய்க் கசிவு. 2017 சனவரி 28 அன்று எண்ணூர் காமராசர் துறைமுகத்திற்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதியதில் சிந்திய எண்ணெய் திருவொற்றியூர், எர்ணாவூர் கரைகளில் ஒதுங்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மணலியிலுள்ள சென்னை பெட்ரோலிய நிறுவன வளாகத்திலிருந்து வெள்ளத்துடன் வெளியேறிய எண்ணெய், பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலையாறு வழியாக எண்ணூர்க் கழிமுகம் வரை பரவியது. வீடுகள், படகுகள், வலைகள் ஆகியவற்றில் எண்ணெய் படிந்ததுடன், கூழைக்கடாக்களும் எண்ணெய் தோய்ந்த நிலையில் காணப்பட்டன.

எண்ணெய் படிந்த பூனைக்குத் தோல் எரிச்சலைவிட, அது எண்ணெயை நக்கி விழுங்குவதும் நுரையீரலுக்குள் இழுத்துக்கொள்வதுமே பெரிய ஆபத்து. முதலில் துணியைச் சுற்றியோ கழுத்துக் கூம்பு அணிவித்தோ நக்குவதைத் தடுக்க வேண்டும். பிசுக்கான எண்ணெயைச் சமையல் எண்ணெய் தடவி இளக்கி, பின் பாத்திரச் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவலாம். மண்ணெண்ணெய், தின்னர் ஆகியவற்றால் துடைத்தல் கூடாது. வாந்தி எடுக்க வைத்தலும் கூடாது.

மனிதருக்குத் தொற்றுதல்

பூனையின் படர்தாமரை மனிதருக்கு, குறிப்பாகச் சிறுவருக்குத் தொற்றும். சொறிச் சிற்றுண்ணி மனிதத் தோலில் நிலைத்து வாழாதாயினும் தற்காலிக அரிப்பைத் தரும். தெள்ளு மனிதரையும் கடிக்கும்; பெரும்பாலும் கணுக்காலைச் சுற்றிக் கடித்தடங்கள் காணப்படும். நாடாப்புழு ஒன்றும், பூனைக்கீறல் நோய்க்குரிய பார்டோனெல்லா ஹென்செலே பாக்டீரியாவும் தெள்ளின் வழியே பரவுகின்றன.

எனினும் வீட்டில் ஒருவருக்குப் படர்தாமரை வந்தால் பூனையே காரணம் என்று முடிவுசெய்வது பிழை. இந்தியாவில் அண்மை ஆண்டுகளில் மருந்துக்குக் கட்டுப்படாமல் பரவிவரும் படர்தாமரைக்குக் காரணம், 2020 இல் பெயரிடப்பட்ட டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்னும் பூஞ்சை. இது மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவது. ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைத் தாமாகவே வாங்கித் தடவுவது இதனை மோசமாக்குகிறது. அதே களிம்புக் குழாய் பூனைக்கும் தடவப்படுவது இரு தரப்புக்கும் கேடு. எந்தப் பூஞ்சை என்பதை வளர்ப்புச் சோதனை பிரித்துக் காட்டும்.

பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் 1990களின் இறுதியிலிருந்து ஸ்போரோதிரிக்ஸ் பிரசிலியென்சிஸ் என்னும் பூஞ்சை பூனைகளின் கீறல், கடி மூலம் ஆயிரக்கணக்கான மக்களுக்குப் பரவியது. பூனையின் மூக்கிலும் முகத்திலும் ஆறாத புண்கள் இதன் அடையாளம். இத்தகைய புண்ணுள்ள பூனையைக் கையுறை இன்றித் தொடுதல் தவிர்க்கப்பட வேண்டும்.

மருத்துவ வசதி

வட சென்னையினர் அணுகத்தக்க பெரிய மருத்துவமனை வேப்பேரியிலுள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியைச் சார்ந்தது. இக்கல்லூரி 1903 அக்டோபர் 1 அன்று அங்குள்ள டாபின் ஹால் என்னும் கட்டடத்தில் தொடங்கப்பட்டது. 1989 இல் உருவான தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இது இயங்குகிறது. பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் மாதவரம் பால்பண்ணைப் பகுதியில் உள்ளது. பூனையைக் கையில் தூக்கிச் செல்லாமல், மூடிய கூடையிலோ காற்றுத் துளையிட்ட பெட்டியிலோ கொண்டுசெல்வது நல்லது. காத்திருக்கும் இடத்தில் நாய்களைக் கண்டு மிரண்டு ஓடித் தொலைந்துபோவதை இது தடுக்கும். முன்னர்ப் போடப்பட்ட ஊசி, தடவிய மருந்து ஆகியவற்றின் அட்டையையோ குப்பியையோ உடன் எடுத்துச் செல்ல வேண்டும்.

கைவிடுதல்

தோல் நோய் கண்ட பூனைகளைச் சாக்கில் கட்டி மீன் சந்தையிலோ வேறு தெருவிலோ விட்டுவிடும் வழக்கம் உள்ளது. 1960 ஆம் ஆண்டு விலங்குகள் மீதான கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 11 ஆம் பிரிவின்படி, விலங்கு பசியாலோ தாகத்தாலோ துன்புறக்கூடிய நிலையில் தக்க காரணமின்றி அதனைக் கைவிடுவது குற்றமாகும். முதல் குற்றத்திற்கு அச்சட்டம் விதிக்கும் தண்டம் 10 முதல் 50 உருபாய். சொறி பிடித்த ஒரு பூனைக்கான முழுச் சிகிச்சை பெரும்பாலும் சில வாரங்களில் முடிந்துவிடும். கைவிடப்பட்ட பூனையோ சென்று சேர்ந்த தெருவின் பூனைகள் அனைத்துக்கும் சிற்றுண்ணியைக் கொடுக்கிறது.